மொதப் பரிசு வாங்க நாலு வழி

சோலார் மாடல் செய்யறோம், கண்காட்சியில மொதப் பரிசு வாங்க வழி சொல்லுங்க தாத்தான்னு கேட்டீங்க. ரொம்பச் சுளுவு கண்ணுங்களா. நாலு வழி இருக்குது, காதக் குடுங்க.

மொத வழி. சுத்துச்சூழலக் காப்பாத்தற மாடல தெர்மாகோல்லதான் செய்யணும். வூடு தெர்மாகோலு, மரம் தெர்மாகோலு, மலை தெர்மாகோலு, மேல ஜிகினாத் தூளு. கண்காட்சி முடிஞ்சதும் அத்தனையும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி போட்டுக் கொளுத்திட்டா வேல முடிஞ்சிது.

ரெண்டாவது வழி. சோலார் தகட்ட வகுப்புக்குள்ளாற, டியூப்லைட்டுக்குக் கீழ வைங்க. வெளிய வெயில் கொளுத்தும், அது கெடக்கட்டும். பல்பு எரியலனா அட்டை வூட்டுக்குள்ளாற ஒம்பது வோல்ட் பேட்டரி ஒண்ண ஒளிச்சு வச்சிடுங்க. பாக்க வர்ற அதிகாரி குனிஞ்சா பாக்கப் போறாரு? சால்வைக்கு நிமிந்து நிக்கவே அவருக்கு நேரம் செரியா இருக்கும்.

மூணாவது. மாடல நீங்க செய்யாதீங்க, அப்பா செய்வாரு. அப்பாவுக்கு வரலனா பாண்டிக் கடையில ரெடிமேடாக் கெடைக்கும். நீங்க இங்கிலீசுல நாலு வரி மனப்பாடம் பண்ணாப் போதும். நடுவுல யாராச்சும் கேள்வி கேட்டா மொத வரியிலேர்ந்து திரும்ப ஆரம்பிச்சிடுங்க.

நாலாவது. சார்ட்டுல 'மாசே இல்லாத சக்தி, செலவே இல்லாத சக்தி'ன்னு கொட்ட எழுத்துல எழுதுங்க. அத்த எழுதுன எவனும் மொட்டமாடி ஏறித் தகடு தொடச்சவன் இல்ல.

சிரிச்சது போதும். இப்ப நெசமாப் பேசுவோம்.

பொம்மை செய்யறீங்கன்னு நான் எளக்காரம் பண்ணல. சோலார் தகட்ட ஊருக்குக் காட்டுனதே ஒரு பொம்மைய வச்சித்தான். 1954 மார்ச்சுக் கடைசியில நம்ம புதுச்சேரித் தலைவரு குபேரும் அவரு ஆளுங்களும் பிரெஞ்சுக்காரனுக்கு எதிரா இதே நெட்டப்பாக்கத்துல தற்காலிக சர்க்காரு வச்சாங்க. அதுக்கு ஒரு மாசம் கூட ஆவல, ஏப்ரல் 25ஆம் தேதி அமெரிக்காவுல பெல் ஆய்வுக்கூடத்துக்காரங்க சேப்பின், புல்லர், பியர்சன்னு மூணு பேரு செஞ்ச சிலிக்கான் தகட்ட ஊரறியக் காட்டினாங்க. அது என்னா பண்ணிச்சுன்ற? ஒரு வெளையாட்டு ரங்கராட்டினத்தச் சுத்திவுட்டுது. மேல விழுந்த வெயில்ல நூத்துக்கு ஆறு பங்கத்தான் கரண்டா மாத்துச்சு. இன்னிக்கு வூட்டு மேல வைக்கறது இருபது பங்கு வரைக்கும், அதுக்கு மேலயும் மாத்துது.

ஆனா தகடு ரங்கராட்டினத்தோட நிக்கல. 1958ல வேன்கார்டு செயற்கைக்கோளுல தகட்ட ஒட்டி மேல அனுப்பிட்டாங்க. கம்பி இழுக்க முடியாத எடம், ஆளு போயி பேட்டரி மாத்த முடியாத எடம். அங்கதான் அதுக்கு வேல இருந்துது. உங்க பேனும் சுத்தட்டும், பல்பும் எரியட்டும். அது யாருக்கு வேணும்னு மட்டும் மொதல்ல தேடுங்க.

தேட ரொம்ப தூரம் போவ வேணாம். திருவண்ணாமலையில வினிஷா உமாசங்கர்னு ஒரு பொண்ணு. தெருவுல இஸ்திரி போடறவரு எரிஞ்ச கரியக் கொட்டறத நின்னு பாத்துது. நாமளுந்தான் பாத்திருக்கோம், ஆனா நம்ம கண்ணு சட்ட மடிப்பு மேலல்ல இருந்துது! அந்தப் பொண்ணு சோலார்ல ஓடற இஸ்திரி வண்டிய வடிவமைச்சு, 2020ல சுவீடன்காரங்க குடுக்கற சிறுவர் பருவநிலைப் பரிச வாங்கிச்சு. 2021ல கிளாஸ்கோவுல நடந்த பருவநிலை மாநாட்டுல பேசறப்ப கூட பள்ளிக்கூடத்துப் புள்ளதான்.

ஆரோவில்லு இருக்குதே, அங்க சோலார் கிச்சன் மாடியில 15 மீட்டர் அகலத்துக்குக் கண்ணாடி பதிச்ச கிண்ணம் ஒண்ணு பாத்திருக்கீங்களா? கிண்ணம் அசையாது. சூரியன் நகர நகர வெளிச்சம் குவியற எடமும் நகருமில்ல, அந்த எடத்துலயே நிக்கறாப்ல மேல ஒரு கொழா மட்டும் திரும்பிக்கினே போவும். அதுல வர்ற நீராவியில ஆயிரம் பேருக்குச் சமைக்கலாம். மானம் மூடிக்கிச்சுன்னா? டீசல் கொதிகலனப் போடுவாங்க. அத்த அவங்க ஒளிக்கல. அதனால சொல்றன், உங்க ஒம்பது வோல்ட் பேட்டரி மேல குத்தமே இல்ல. அத்த வெளிய எடுத்து வச்சி, 'வெயில் இல்லாதப்ப இது'ன்னு பக்கத்துல எழுதுங்க. நானா இருந்தா அதுக்கே பாதி மார்க்கு போடுவன்.

அக்கினி நட்சத்திரத்துல தகடு கரண்ட அள்ளிக் கொட்டும்னு நெனப்பு உங்களுக்கு. தகட்டுக்கு வெளிச்சம் வேணும், சூடு ஆவாது. 25 டிகிரிக்கு மேல ஏறற ஒவ்வொரு டிகிரிக்கும் கொஞ்சம் கொஞ்சமா வெளச்சல் கொறையும். மாடியில தகடு 60 டிகிரியத் தொட்டா பத்துல ஒரு பங்குக்கு மேலயே போயிடும். செல்லுங்கள வரிசையாக் கோத்திருக்கறதால, முருங்கக் கெளை நெழலு ஒரு மூலையில விழுந்தாலே அந்த வரிசையும் சேந்து சொணங்கும். காக்கா எச்சம் வேற. உச்சி வெயில்ல பச்சத்தண்ணிய ஊத்துனா கண்ணாடி விரிசல் வுடலாம், விடிகாலையிலதான் தொடைக்கணும். வூட்டுக்கு 3 கிலோவாட்டு போட்டா மத்திய சர்க்காரு 78,000 ரூபா மானியம் குடுக்குது. ஏணி வச்சி ஏற ஆளு குடுக்கல, பாத்துக்குங்க.

அதுக்காகச் சோலாரு வேணாம்னு சொல்ற ஆளு நான் இல்ல. நம்ம புதுச்சேரி சொந்தமாச் செய்யற கரண்டுன்னு பாத்தா காரைக்கால் கேஸ் நெலையத்துல 32.5 மெகாவாட்டு. அது போதாம வெளியேர்ந்து வாங்கறோம். நம்ம வூட்டு விளக்கு எரிய நெய்வேலியில கரிக்காக எவனோ ஒருத்தனோட நெலத்தத் தோண்டறாங்க. நம்ம மாடி வெயில நாம புடிச்சிக்கிட்டா நல்லதுதான்.

இப்ப கொஞ்சம் வில்லங்கமான சேதி. சோலார் மோட்டாரு மாடல் கொண்டாந்தது யாரு? நீயா? பிளாஸ்டிக் டம்ளர்லேர்ந்து தண்ணி ஏறுது, வயல்ல விழுது, திரும்பவும் டம்ளருக்கே வருது. ஜோரா இருக்குது. நெசத்துல பூமித் தண்ணி அவ்ளோ சுருக்காத் திரும்பாது கண்ணு. டீசலுக்குக் காசு எண்ணிக் குடுத்தவன் பயிரு நனைஞ்சதும் மோட்டார நிறுத்துவான். செலவில்லாம ஓடறத எதுக்கு நிறுத்துவான்? பொழுது சாயற வரைக்கும் ஓடும். பாகூர்ப் பக்கம் கடலோரமாத் தண்ணி மட்டம் எறங்கி உப்புத்தண்ணி உள்ள வர்ற கத உனக்கே தெரியும். அதனால மோட்டாரோட சொட்டுநீர்க் கொழாவும் வை. குஜராத்துல துண்டின்னு ஒரு கிராமம், அங்க விவசாயிங்க கூட்டுறவு சங்கம் வச்சி, எறைச்சது போவ மீந்த கரண்ட மின்சாரக் கம்பெனிக்கே வித்தாங்க. அத்தையும் மாடல்ல காட்டு. தண்ணிய மிச்சம் பண்ணா காசு வரும்னு தெரிஞ்சாத்தான் நம்மாளு கை சுவிச்சுக்குப் போவும்.

இன்னொண்ணு, யாரும் சார்ட்டுல எழுதாதது. தகட்டுக்கு ஆயுசு 25 வருசம்ன்றாங்க, பேட்டரி அதுக்கு ரொம்ப முன்னயே செத்துடும். பழைய பேட்டரிய ஒடைச்சு அமிலத்த வாய்க்காவுல ஊத்துனா ஈயமும் சேந்து போவும். 2023 ஏப்ரல் மாசத்துலேர்ந்து அமுலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதியில சோலார் தகட்டையும் சேத்துட்டாங்க. தயாரிக்கறவனுக்கும் பொறுப்பு இருக்குதுன்னு அதுல இருக்குது. உங்க அட்டை வூட்டுக்குப் பின்னாடி செத்த தகடு போயிச் சேர ஒரு எடம் வரைஞ்சு காட்டுங்க. கண்காட்சிக்குப் 'பொறுப்பான கண்டுபிடிப்பு'ன்னு தலைப்பு வச்சிட்டு பொறந்த கதைய மட்டும் சொன்னாப் போதுமா?

கண்காட்சிக்கு நானும் வருவன். வெள்ள வேட்டி கட்டிக்கினு, அதிகாரிக்குப் பின்னாடி. அவரு கை தட்டிட்டுப் போனதும் ஒவ்வொரு மேசையிலயும் மூணே கேள்வி. இது யாருக்கு வேணும்? கெட்டுப்போனா யாரு வந்து பாப்பாங்க? செத்தா எங்க போவும்? தெரியலனா தெரியலன்னு சொல்லுங்க, நான் பாட்டுக்கு அடுத்த மேசைக்குப் போயிடுவன். மழுப்புனீங்க, உங்க டீச்சரம்மாவக் கூப்புட்டு அதே மூணையும் அவங்கள கேப்பன். மறுநா வகுப்புல உங்க பாடு, அவங்க பாடு.