டைரக்ட் அண்ணன்

கெடாவில் தமிழர்கள் நாலு குடும்பமாவது சேர்ந்திருக்கும் இடத்தில் ஒரு கோயில் இருக்கும், ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கும், ஒரு டைரக்ட் அண்ணனும் இருப்பார். பீடோங், சுங்கை லாலாங், பாடாங் செராய், லூனாஸ், கோல கெட்டில் என்று ஊர்தான் மாறும், ஆள் அதே ஆள்தான். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். போன தேர்தலில் கிடைத்த டி-சட்டை. அதில் பை கிடையாது, அதனால் டெஸ்ட் பேனா காதில். என்ன வேலை என்று கேட்டால் "சொந்தமா செய்றேன்" என்பார். அதற்கு மேல் அவர் சம்சாரத்தைக் கேட்டாலும் பதில் கிடைக்காது.

யாராவது ஒரு பையன் தன் கப்சாய் மோட்டாரின் முன்மூடியைக் கழற்றி வயர்க்கொத்தை வெளியே இழுத்துப் போட்டால் போதும், பத்து நிமிடத்தில் அண்ணன் வந்து நிற்பார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

"என்னா தம்பி, வண்டி கெளம்பலையா?"

"இல்லண்ணே, போன் சார்ஜ் போட ஒரு சாக்கெட் வைக்கிறேன்."

பையன் சுங்கைப்பட்டாணியில் கிராப்புக்காகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவன். வரைபடமும் ஆர்டரும் காசும் எல்லாம் அந்தப் போனுக்குள்தான். மதியம் 2 மணிக்குப் போன் செத்தால் அன்றைய பிழைப்பும் அதோடு முடிந்தது.

"கரண்டு எங்கேருந்து எடுக்கற?"

"சாவி போட்டா மட்டும் வர்ற வயர்லேருந்துண்ணே."

அண்ணன் முகத்தில் ஒரு இரக்கம் பரவும். "எதுக்குடா சுத்தி வளைக்கிற? பேட்டரியில டைரக்டா குடு. ஃபுல் பவர்."

அவருடைய வேதம் இந்த ஒரு வரிதான். ஹாரனா, டைரக்டா குடு. கைப்பிடியில் நீல விளக்கா, டைரக்டா குடு. வண்டியில் ராகா வானொலி கேட்க ஸ்பீக்கரா, அதையும் டைரக்டாகவே குடு. சாவி, பியூஸ், ரிலே எல்லாம் அவர் கணக்கில் கம்பெனிக்காரன் நடுவில் உட்கார்ந்து கரண்டைத் தின்பதற்காக வைத்த ஆட்கள்.

வயரின் தோலை உரிக்க அவருக்குக் கருவி வேண்டாம். கீழ்வரிசையில் இடப்பக்கத்துப் பல் ஒன்றில் வயர் உட்காருவதற்கென்றே சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அதில் வயரை வைத்து ஒரு கடி, ஒரு இழுப்பு, தாமிரம் பளிச்சென்று வெளியே வரும். பாதி இழைகள் தோலோடு போயிருக்கும். மிச்சத்தை முறுக்கிக் கறுப்பு டேப்பை மூன்று சுற்று சுற்றுவார். ஈயம் வைத்துப் பற்றவைக்கலாமே என்று யாராவது சொன்னால், "இது ஏரோப்ளேனா?" என்று கேட்பார்.

டெஸ்ட் பேனாவின் கதை தனி. அது வீட்டுச் சுவரில் 240 வோல்ட்டைப் பார்ப்பதற்குச் செய்தது. உள்ளே இருக்கும் நியான் குமிழ் எரிய அறுபது, எழுபது வோல்ட்டுக்கு மேலாவது வேண்டும். மோட்டாரில் இருப்பதோ வெறும் 12. அந்தப் பேனாவால் எந்த மோட்டார் பேட்டரியைத் தொட்டாலும் அது எரியப் போவதில்லை. அண்ணன் பேட்டரியைத் தொடுவார், உற்றுப் பார்ப்பார், தலையை ஆட்டுவார். "பேட்டரி முடிஞ்சுச்சு. புதுசு வாங்கு." பையன் ஹாரனை அமுக்குவான். தெரு முழுக்கக் கேட்கும். அண்ணன் அசர மாட்டார். "அது பழைய கரண்டு தம்பி. உள்ள மிச்சம் இருக்கும்."

அடுத்தது நிறம். ஹோண்டாவில் பச்சை வயர் எர்த்து, கறுப்பு வயரில் சாவி திருப்பினால் கரண்டு வரும். யமஹாவில் கறுப்புதான் எர்த்து, சாவிக்குப் பழுப்பு. நம் கெடா மண்ணில், குரூணில் இருக்கும் மொடெனாஸ் தொழிற்சாலையிலிருந்து 1996-இல் வெளிவந்த கிரிஸ், கவாசாக்கி வழி வந்த பிள்ளை. அதில் எர்த்து என்றால் கறுப்பில் மஞ்சள் கோடு. அண்ணனோ வாழ்நாளெல்லாம் ஹோண்டா இஎக்ஸ்5 ஓட்டியவர். அவருடைய உலகத்தில் கறுப்பு என்றால் உயிர். அந்த நம்பிக்கையோடு ஒரு யமஹாவில் கைவைத்தால் பேட்டரிச் சிவப்பையும் எர்த்துக் கறுப்பையும் சேர்த்து முறுக்கிவிடுவார். பொறி பறக்கும், கருகிய வாடை வரும். "யமஹா சாமான் சரியில்ல" என்று தீர்ப்பும் வரும்.

இந்த மனிதருக்குச் சுவிட்ச் மேல் ஏன் இவ்வளவு பகை? அதற்குத் தோட்டத்துக்குப் போக வேண்டும். அவர் பால்மரக் காட்டு லயத்தில் பிறந்தவர். அப்பா எஞ்சின் வீட்டில் வேலை. அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் லயத்து விளக்கு ஜெனரேட்டர் ஓடும்வரைதான். இரவு பத்து மணிக்கு எஞ்சினை நிறுத்தினால் சோற்றில் கைவைத்திருந்தாலும், பிள்ளை பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாலும் இருட்டுதான். தூரத்தில் மேட்டில் துரை பங்களா மட்டும் வெளிச்சமாக இருக்கும். அணைக்கும் உரிமை இன்னொருவன் கையில் இருந்த லயத்தில் வளர்ந்த பையன், பெரியவனானதும் எதையும் யாரும் அணைக்க முடியாதபடி போட ஆசைப்படுவதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. என்ன, தன் மோட்டாரின் சாவி இப்போது அவர் சட்டைப்பையில்தான் கிடக்கிறது. அந்தச் செய்தி அவரிடம் இன்னும் போய்ச் சேரவில்லை. சட்டையில் பை இல்லாததும் காரணமாக இருக்கலாம்.

வயரிங்கோடு நின்றாலும் பரவாயில்லை. பேரனைத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்க அலுவலகத்துக்குப் போக மாட்டார், நேராகத் தலைமையாசிரியரின் நாற்காலிக்கு முன்னால் போய் நிற்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் காப்பி வருவதற்குள் "ஏம்மா, பையனைப் புடிச்சிருக்கா இல்லையா?" என்று கேட்டுவிடுவார். கோயில் ஆண்டுக் கூட்டத்தில் மற்றவர்கள் கணக்கறிக்கை முடிந்த பிறகுதான் சண்டை போடுவார்கள், அண்ணன் கடவுள் வாழ்த்து முடிந்த கையோடு தொடங்குவார். கேட்டால் சரித்திரம் பேசுவார். "ராஜேந்திர சோழன் படை 1025-ல கடாரத்துக்கு எப்படிடா வந்துச்சு? கப்பல்ல டைரக்டா வந்துச்சு. எந்த ரிலேயில வந்துச்சு?" பழைய கடாரத்தின் பூஜாங் பள்ளத்தாக்கு பக்கத்திலேயே இருப்பதால் இந்த வாதத்துக்கு எங்கள் பக்கம் கொஞ்சம் மரியாதை உண்டு.

சரி, பையனின் சாக்கெட்டுக்கு டைரக்ட் ஏன் ஆகாது என்றால், மலிவான சார்ஜர் கட்டையில் போன் செருகாவிட்டாலும் அந்தச் சின்ன நீல விளக்கும் உள்சுற்றும் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை ஆம்பியர்-மணி போய்விடும். கப்சாய் பேட்டரி மொத்தமே 5 ஆம்பியர்-மணி, சிலதில் அதைவிடக் குறைவு. தீபாவளிக்கு ஊருக்குப் போய் பத்து நாள் கழித்து வந்தால் பேட்டரிக்குக் கருமாதிதான். 1992 முதல் பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம், அதனால் வண்டி ஓடும்போதும் பேட்டரிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். பழைய வண்டியை உதைத்துக் கிளப்பிவிடலாம். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் உள்ள எஃப்ஐ வண்டியில் பெட்ரோல் பம்புக்கே கரண்டு வேண்டும். போதாததற்கு நம் ஊர் மழை. எந்நேரமும் உயிரோடிருக்கும் சாக்கெட்டில் தண்ணீர் இறங்கினால் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். கடை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனால் வழியில் போகிறவன்கூடப் போனைச் செருகி வைப்பான், தர்ம கரண்டு.

பியூஸ் இல்லாமல் விடுவது அதைவிட மோசம். பியூஸ் போனைக் காப்பாற்றுவதற்காக இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. எங்கேயாவது வயர் உரசி இரும்பில் பட்டால் பேட்டரி தன்னிடம் உள்ளதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டும், வயர் தோல் உருகும், மேலே பெட்ரோல் இருக்கிறது. அதனால்தான் பியூஸைப் பேட்டரியின் பாசிட்டிவை ஒட்டியே வைக்க வேண்டும்.

அன்றைக்குப் பையன் கெட்டிக்காரன். "அண்ணே, போய் ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வாங்க, நான் காசு குடுக்கறேன்" என்று அனுப்பிவிட்டான். அண்ணன் போனதும் நெகட்டிவைக் கழற்றினான். பாசிட்டிவிலிருந்து 5 ஆம்பியர் பியூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் எண் முனைக்கு ஒரு வயர், 87-லிருந்து சாக்கெட்டுக்கு. 86-க்குச் சாவி வயர், 85-உம் சாக்கெட்டின் நெகட்டிவும் எர்த்துக்கு. கடைசியில் கழற்றிய நெகட்டிவைத் திரும்ப மாட்டினான். ஒரு போனுக்கு மட்டும் என்றால் சாவி வயரிலிருந்தே பியூஸ் வைத்து எடுத்தாலும் தாங்கும். ஆனால் பையன் நாளைக்கு இன்னொன்றையும் மாட்டுவான், அதனால் ரிலே வைத்தது நல்லதுதான்.

அண்ணன் திரும்பி வந்தார். பையன் சாவியைத் திருப்பினான். உள்ளே டிக் என்று ஒரு சத்தம், சாக்கெட்டில் விளக்கு எரிந்தது. அடைத்தான், அணைந்தது. அண்ணன் மீசையைத் துடைத்துக்கொண்டு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"பாத்தியா? இதத்தான் நான் அப்பவே சொன்னேன். டைரக்டா குடுத்தா இப்படித்தான் கிளியரா இருக்கும்."

யாரும் மறுக்கவில்லை. தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போகும் பையன்கள் இப்போது அதேபோல் போட்டுத்தரச் சொல்லி அண்ணனிடம்தான் வருகிறார்கள், அண்ணன் அவர்களைப் பையனிடம் அனுப்பிவிட்டுத் தேநீருக்குப் போகிறார். பினாங்குப் பாலத்தில் 2019 முதல் மோட்டாருக்கு டோல் கிடையாது. எனக்குத் தெரிந்து இந்த வட்டாரத்தில் டைரக்டாகப் போகக்கூடியது அது ஒன்றுதான்.

நீங்களும் சாக்கெட் வைப்பதாக இருந்தால் முன்மூடியைக் கழற்றுவதற்கு முன் அண்ணன் சொந்த மோட்டாரை ஒருமுறை போய்ப் பாருங்கள். அதில் ஹாரன், நீல விளக்கு, ஸ்பீக்கர் எல்லாமே டைரக்ட். உதைத்து உதைத்து அவருடைய வலது கால் சிலிப்பர் மட்டும் தேய்ந்திருக்கும். பேட்டரி செத்து மூன்று வருஷமாகிறது.