குடவோலையும் கூடைப்பந்தும்

(மானாம்பதி. வீட்டு வாசலில் நெல் காய்கிறது. சென்னைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் கூடைப்பந்து கோச், கையில் ஆப்பிள் பையும் தோளில் சால்வையுமாகக் காரிலிருந்து இறங்குகிறார். திண்ணையில் ஒரு பெரியவர்.)

கோச்: வணக்கம் ஐயா. ஆறடி அஞ்சங்குலம் பையன் வீடு இதுதானே?

தாத்தா: இதான் சார். என் பேரன்தான். நெல்லை மிதிக்காம ஓரமா வாங்க. ஆப்பிளா? நேத்து வந்த காலேஜு குடுத்ததே இன்னும் தீரல.

கோச்: நேத்தா? யாரு வந்தாங்க?

தாத்தா: நேத்து ஒருத்தரு, முந்தாநாள் ரெண்டு பேரு. ஒருத்தரு ஷூவே வாங்கியாந்துட்டாரு, பத்தாம் நம்பர். இவனுக்குப் பதினாலு. பொட்டில பத்திரமா கீது, எடுத்தாரட்டா?

கோச்: வேணாம் ஐயா. பையனைக் கூப்பிடுங்க.

தாத்தா: அவன் காலைல பஸ்ஸுக்கே பூட்டானே.

கோச்: (தூணைப் பிடித்துக்கொண்டு) எந்தக் காலேஜுக்கு?

தாத்தா: மொதல்ல உக்காருங்க. மோர் வரும். வெயில்ல வந்திருக்கீங்க.

கோச்: போன வருஷம் காஞ்சிபுரத்துல ஜில்லா மேட்ச்லயே இவனைப் பாத்துட்டேன் ஐயா! அன்னிக்கே டைரில எழுதி வெச்சேன். ஒரு விதத்துல இவன் என் கண்டுபிடிப்பு.

தாத்தா: டைரில எழுதினதுக்குப் பதிலா ஒரு ரிங்கு வாங்கிக் குடுத்திருக்கலாம். கம்பத்துல பழைய சைக்கிள் ரிம்மைக் கட்டித்தான் போட்டுப் பழகினான். பத்தடி ஒசரம் வேணும்னாங்க, ஏணிய வெச்சு அளந்தோம். ஒசரம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா நெஜ ரிங்கு பதினெட்டு அங்குலந்தானாமே! காஞ்சிபுரத்துல அதைப் பாத்துட்டு, "தாத்தா, ரிங்கு சுருங்கிப் போச்சு"ன்னு போன் பண்றான்.

கோச்: சேதி கிடைச்சிருந்தா நாங்களே ரிங்கு தந்திருப்போம். சரி, எங்க ஆஃபரைக் கேளுங்க. ஃபீஸே கிடையாது. ஹாஸ்டல் ஃப்ரீ. மெஸ்ல தினமும் ஒரு முட்டை எக்ஸ்ட்ரா.

தாத்தா: நேத்து வந்தவரு ரெண்டு முட்டைன்னாரு. இவங்கப்பனுக்கு வாட்ச்மேன் வேலையும் சேத்துச் சொன்னாரு.

கோச்: அதெல்லாம் தர்மமே இல்ல! ஸ்போர்ட்ஸ்ல பேரம் பேசலாமா?

தாத்தா: பேரன் போன்ல காட்டினான் சார். அமெரிக்காவுல 2021 ஜூலைலருந்து காலேஜ் பசங்க தங்களோட பேரை வெச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாமாம். 2025ல ஒரு கேஸு முடிஞ்சு, ஒரு காலேஜு வருஷத்துக்கு ரெண்டு கோடி டாலர் வரைக்கும், அதுக்கு மேலயும் கொஞ்சம், பசங்களுக்கே நேரா பங்கு குடுக்கலாம்னு ஆயிப்போச்சு. அங்க கோடில நிக்குது. நாம இன்னும் முட்டைல நிக்கறோம்.

கோச்: அங்க ஒரு மேட்சுக்கு இருபதாயிரம் பேர் டிக்கெட் வாங்கறான் ஐயா. எங்க மேட்சுக்கு நாலு பேர் வருவான். அதுல ரெண்டு பேர் ரெஃப்ரீ.

தாத்தா: பாக்கவே ஆளில்லாத ஆட்டத்துக்கு எங்க ஊர் வரைக்கும் ஏன் பெட்ரோல் செலவு?

கோச்: (குரலைத் தாழ்த்தி) ஆட்டத்தை யாரும் பாக்க மாட்டாங்க. ஹோர்டிங்கைப் பாப்பாங்க. கவுன்சலிங் சமயத்துல சேர்மன் பக்கத்துல ஒரு நெட்டைப் பையன் கப்போட நிக்கணும். பெர்ட்ராம் டோர்னமென்ட்டுக்காக சென்னை லயோலா காலேஜ் கிரவுண்டுல இறங்கி ரெண்டு ரவுண்டு தாண்டினாலே எங்க சேர்மன் கேக் வெட்டிடுவார். நாலு வருஷம் ஆடினா ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வேன்னு வேலைக்கும் வழி உண்டு. அதுக்கும் மேல... பஞ்சாப்ல பல்லோ கேன்னு ஒரு கிராமம். அங்கேருந்து சத்னம் சிங், ஏழடி ரெண்டங்குலம். 2015ல அமெரிக்காவுல என்.பி.ஏ. டல்லாஸ் டீம் எடுத்துச்சு!

தாத்தா: நல்ல சேதி. அங்க எத்தினி மேட்ச் ஆடினாரு?

கோச்: என்.பி.ஏ.லயா? அது வந்து... ஒண்ணும் ஆடல. இப்ப மல்யுத்தம் பண்றார்.

தாத்தா: எங்கூர்ல மல்யுத்தத்துக்கு ரிங்கு கூட வேணாம் சார், மண்ணு போதும். அது கெடக்கட்டும். வர்ற வழில உத்திரமேரூர் கல்வெட்டைப் பாத்தீங்களா?

கோச்: அவசரத்துல தாண்டி வந்துட்டேன்.

தாத்தா: வைகுண்டப் பெருமாள் கோயில் செவுத்துல கீது. பராந்தக சோழன் காலம், 919லயும் 921லயும் வெட்டினது. ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கறதுக்கு அவ்ளோ விதி. கால் வேலி நெலம் இருக்கணும், சொந்த மனைல வீடு இருக்கணும், முப்பத்தஞ்சுக்கு மேல எழுபதுக்குள்ள இருக்கணும். ஓலைல பேரெழுதிக் குடத்துல போட்டு, ஒண்ணும் அறியாத சின்னப் புள்ளைய விட்டு எடுக்கச் சொல்வாங்க.

கோச்: எங்க செலக்‌ஷன் கமிட்டியும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

தாத்தா: முக்கியமான விதிய இன்னும் சொல்லலியே. முன்ன பதவில இருந்துட்டு கணக்கு காட்டாதவன் பேரை ஓலைல எழுதவே கூடாது. அவன் மட்டுமில்ல. அப்பன், புள்ள, அண்ணன் தம்பி, மாமனார், மச்சான், ஒருத்தனும் நிக்க முடியாது. வந்த காலேஜு எல்லாத்தையும் இந்த ஒரே விதிலதான் சலிச்சேன். நீங்களும் சொல்லுங்க. மூணு வருஷத்துல எத்தினி பசங்களக் கூட்டினு போனீங்கோ? எத்தினி பேரு டிகிரி வாங்கினான்?

கோச்: ஜோனல் லெவல்ல எத்தனை கப்புன்னு வேணா...

தாத்தா: கப்பு அலமாரில இருக்கும். பசங்க எங்க?

கோச்: ஒருத்தன் ஐ.சி.எஃப். டிரையலுக்குப் போனான்.

தாத்தா: எடுத்தாங்களா?

கோச்: போனான். இன்னொருத்தனுக்குப் பதினேழு அரியர். மேட்ச் நாள்லயே எக்ஸாம் வந்தா நான் என்ன பண்ண? அப்புறம் ஒரு பையன், நல்ல ஜம்ப். முட்டில ஏ.சி.எல். கிழிஞ்சிடுச்சு.

தாத்தா: ஆபரேஷன் செலவு யாருது?

கோச்: மோர் ரொம்ப நல்லா இருக்கு ஐயா. வீட்டு மாடா?

தாத்தா: வீட்டு மாடுதான். ஆபரேஷன்?

கோச்: அவங்க வீட்டுலதான் பாத்துக்கிட்டாங்க. சலுகை ஆடற வரைக்கும்தானே? அடுத்த செமஸ்டர்லருந்து ஃபீஸ் கட்டச் சொல்லிட்டாங்க. நான் பேசிப் பாத்தேன், சத்தியமா பேசிப் பாத்தேன். பையன் நின்னுட்டான். இப்ப பைக்ல சாப்பாடு டெலிவரி பண்றான்.

தாத்தா: கணக்கு எவ்ளோ தெளிவா கீது பாத்தீங்களா? நேத்து வந்தவரு இவ்ளோ கூடச் சொல்லல, எழுந்து கார்ல ஏறிட்டாரு.

கோச்: அப்ப அவருக்கும் கிடைக்கலையா! பின்ன பையன் எங்கதான் போனான்?

தாத்தா: செங்கல்பட்டு ஐ.டி.ஐ. ஃபிட்டர்.

கோச்: ஐ.டி.ஐ.யா! ஐயோ, அந்த ரீச்சு, அந்தக் கை நீளம்... ஸ்பேனர் பிடிக்கவா?

தாத்தா: அங்க முட்டி கிழிஞ்சாலும் சீட்டு கிழியாது சார். சாயந்திரம் ஆடட்டும், யாரு வேணான்னா?

கோச்: போச்சு. ஒரு ஸ்டார் பிளேயர் இல்லாம இந்த வருஷமும் போச்சு.

தாத்தா: ஸ்டார் கெடச்சா மட்டும்? 2022ல கபடில தமிழ் தலைவாஸ் டீமு பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சம் குடுத்து எடுத்தாங்க. மொத மேட்ச்லயே முட்டி போச்சு, சீசன் பூரா வெளிய. அப்புறம் யாரும் பெருசா கேள்விப்படாத நரேந்தர்னு ஒரு புதுப் பையன் ரைடு மேல ரைடு போனான். டீமு மொத தடவையா செமி ஃபைனல் பாத்துச்சு. கபடி நானும் ஆடினவன், அதான் ராத்திரி முழிச்சு உக்காந்து பாத்தேன்.

கோச்: (நிமிர்ந்து) அப்ப இங்க அப்படி யாரும் கேள்விப்படாத பையன் ஒருத்தன்...

தாத்தா: பையன் இல்ல. பேத்தி கீது. பிளஸ் டூ. அஞ்சடி பதினோரு அங்குலம். அதே ரிம்முலதான் பழகினா. அண்ணனை விட நல்லா போடுவா. அவனே ஒத்துக்குவான்.

கோச்: பொண்ணா? எங்க காலேஜ்ல பொண்ணுங்க டீம் கிடையாதே ஐயா.

தாத்தா: அனிதா பால்துரை நம்ம தமிழ்நாட்டுப் பொண்ணுதானே சார்? இந்தியா டீமுக்கே கேப்டனா இருந்துச்சு. 2021ல பத்மஸ்ரீ குடுத்தாங்க.

(கோச் வாசலுக்குப் போய் போனை எடுக்கிறார். நெல் மிதிபடுகிறது.)

கோச்: (போனில்) சார், வணக்கம். பையன் கிடைக்கல சார். ஆனா ஒரு ஐடியா, பொண்ணுங்க டீம் ஆரம்பிச்சா... ஆமா சார், ஹோர்டிங்குக்கு நல்லா இருக்கும். ஹைட்டா? அஞ்சு பதினொண்ணு சார்... ஒரு சீட்டு போதுமாவா? இல்ல சார், கூடைப்பந்து சார், கோர்ட்டுல அஞ்சு பேர் நிக்கணும்.

தாத்தா: கணக்கு நோட்டும் ஒண்ணு வாங்கச் சொல்லுங்க சார்!