ரீசார்ஜ் பணம் எங்கே போகிறது? கொல்லிமலைக் கேள்விகள்

நாமக்கல்காரரும் நானும் ஒரே விலைக்குத்தான் ரீசார்ஜ் செய்கிறோம். அவருக்கு வீட்டுக்குள்ளேயே 5ஜி. எனக்கு ஒரு கோடு சிக்னலுக்குப் பாறைமேல் ஏற வேண்டியிருக்கிறது. இது என்ன நியாயம்?
- மிளகு விவசாயி, சோளக்காடு

டவர் தலைகளை எண்ணித்தான் வருகிறது. நகரத்தில் ஒரு டவருக்கு ஆயிரக்கணக்கான சிம்கள் கிடைக்கும். உங்கள் மலையில் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. நடுவே மேடும் பள்ளமும். ரேடியோ அலை மலையைத் துளைத்துப் போகாது என்பதால் ஒரு டவரால் இரண்டு பள்ளத்தாக்கைக் கவனிக்க முடியாது. கரண்ட், டீசல், ஃபைபர் எல்லாவற்றையும் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். செலவு கூடுதல், வசூல் குறைவு. நிறுவனத்தின் லாபக் கணக்குப்படி அது சரிதான். ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை.

பிறகு எங்கே முடிகிறது?
- அதே விவசாயி

118 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் 18 ரூபாய் ஜிஎஸ்டி. மீதி 100 நிறுவனத்தின் வருவாய். அலைக்கற்றை ஏலக் கடன், டவர் வாடகை, சம்பளம் என்று அதிலிருந்துதான் போகும். அரசுக்கு உரிமக் கட்டணமாகவும் சுமார் 8 ரூபாய் போகிறது. அந்த எட்டில் ஐந்து ரூபாய், லாபம் வராத ஊர்களுக்குத் தொலைபேசியும் இணையமும் கொண்டுபோகவென்றே ஒதுக்கப்பட்டது. 2002 முதல் இந்த நிதி இருக்கிறது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் இதற்கு ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று புதுப்பெயர் வைத்தது. 2022-ல் மத்திய அமைச்சரவை, சிக்னலே இல்லாத 24,680 கிராமங்களுக்கு பிஎஸ்என்எல் மூலம் 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பணம் இந்த நிதியிலிருந்துதான்.

ஆக, பாறைமேல் ஏறி நின்று நீங்கள் செய்த ரீசார்ஜிலும் அந்த ஐந்து சதவீதம் இருக்கிறது. மலைக்கு டவர் கேட்பது சலுகை கேட்பதல்ல. முன்பணம் கட்டியவர் பொருளைக் கேட்பது.

அம்மாவிடம் பட்டன் போன். பேசுவதற்கு மட்டும்தான். அவருக்கும் நெட் சேர்த்தே ரீசார்ஜ் செய்யச் சொல்கிறார்களே?
- கல்லூரி மாணவி, செம்மேடு

செய்ய வேண்டாம். பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. கடையில் தானாக எடுத்துக் காட்ட மாட்டார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கூகுளில் தேடினால் காசு கேட்பதில்லை. அவர்களுக்கு எப்படிப் பிழைப்பு நடக்கிறது?
- ஜீப் ஓட்டுநர், செம்மேடு

நீங்கள் தேடுவதே அவர்களுக்கு வருமானம். ‘கொல்லிமலை ரூம்’ என்று ஒருவர் தட்டியதும், அந்தச் சொற்களுக்கு ஓர் ஏலம் நடக்கிறது. சந்தை ஏலம் மாதிரிதான், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதிகம் தருபவர், தேடலுக்குப் பொருத்தமான விளம்பரம் வைத்திருப்பவர் என்று இரண்டையும் பார்த்து வரிசை போடுகிறார்கள். விளம்பரத்தைத் தொட்டால் விளம்பரம் கொடுத்தவர் கணக்கில் பணம் கழியும். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டுக்கு 2023-ல் வந்த வருவாய் சுமார் 30,700 கோடி டாலர். முக்கால் பங்குக்கு மேல் விளம்பரத்தில் வந்தது.

இதனால் ஒரு விஷயம் கவனியுங்கள்: பட்டியலில் முதலில் நிற்பது நல்ல விடுதி என்று பொருளல்ல. ‘ஸ்பான்சர்டு’ (Sponsored) என்ற சிறு எழுத்தைத் தேடிப் பார்த்துவிட்டு விரலை வையுங்கள்.

விளம்பரமே இல்லாமல் ஒரு தளம் தாக்குப்பிடிக்குமா?
- ஆசிரியர், வளப்பூர் நாடு

விக்கிப்பீடியா தாக்குப்பிடிக்கிறது, நன்கொடையால். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் ஒரு விளம்பரம்கூட இல்லாமல் நடக்கிறது. எழுதுகிறவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். உங்கள் பள்ளிப் பிள்ளைகளை அங்கே எழுதப் பழக்குங்கள்.

ஆகாயகங்கை அருவியை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டேன். பணம் எப்போது வரும்?
- இளைஞர், அறப்பளீஸ்வரர் கோயில் அருகே

1,000 சந்தாதாரர்கள் சேர்ந்து, ஓராண்டுக்குள் மக்கள் 4,000 மணி நேரம் பார்த்த பிறகு விளம்பர வருமானத்துக்கு விண்ணப்பிக்கலாம். நீள வீடியோவில் வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் உங்களுக்கு, மீதி யூடியூபுக்கு. அருவியைக் காட்டியவர்கள் ஏராளம். சாமையும் தினையும் விதைப்பு முதல் உலைவரை எப்படி வருகின்றன என்று காட்டுங்கள். அது உங்கள் ஊர்க்காரரால்தான் முடியும். வழுக்குப் பாறையில் ஏறி மட்டும் எடுக்காதீர்கள்.

வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறேன். புக்கிங் தளத்தில் சேரலாமா?
- ஹோம்ஸ்டே நடத்துபவர், வாசலூர்பட்டி

சேரலாம், கமிஷனைக் கணக்கில் வைத்துக்கொண்டு. பெரிய தளங்கள் பெரும்பாலும் 15 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ எடுக்கின்றன. முதல்முறை வரும் விருந்தாளிக்கு அந்தக் கமிஷன் தகும். கிளம்பும்போது உங்கள் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். மறுமுறை நேராக வரட்டும்.

சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்தால் ஏழைகளுக்கு நல்லதுதானே?
- வாசகர், குண்டூர் நாடு

2015-ல் ஃபேஸ்புக் இதைத்தான் செய்தது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து இந்தியாவில் முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. எந்தத் தளம் இலவசம் என்று முடிவு செய்யும் இடத்தில் நாம் இல்லை. அவர்கள் காட்டும் நான்கு தளமே உலகம் என்றாகியிருக்கும். உங்கள் மிளகை விற்க நீங்கள் ஒரு தளம் தொடங்கினால் அது இலவசப் பட்டியலுக்கு வெளியே நிற்கும். 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் இத்தகைய பாரபட்சக் கட்டணத்தைத் தடை செய்தது. செய்தது சரி. ஏழைக்கும் முழு இணையம்தான் வேண்டும்.

சரி, எங்கள் மலைக்கு என்ன வழி?
- பலர்

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் இழுப்பது பாரத்நெட் திட்டம். இங்கே அதைச் செய்வது தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்புக் கழகம். ஃபைபர் ஊராட்சி அலுவலகம்வரை வந்துவிட்டதா, வந்திருந்தால் இயங்குகிறதா, பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இணைப்பு உண்டா? அடுத்த கிராம சபையில் இந்த மூன்றையும் கேளுங்கள். சிக்னல் இல்லாத குக்கிராமங்களின் பெயர்களைத் தீர்மானத்தில் ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். கூட்டம் முடிவதற்குள் தீர்மான நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.