சுருங்கிய நாணயம்

கேள்வி: அமெரிக்காவில் சிலர் கால் டாலர் நாணயத்தை மின்சாரத்தால் சுருக்குகிறார்களாமே, எடையும் குறையுமா?

பதில்: துளியும் குறையாது! 24.26 மி.மீ. விட்டம்தான் குறையும், அந்த உலோகமெல்லாம் தடிமனில் சேர்ந்துவிடும். 5.67 கிராம் அப்படியே இருக்கும். நாணயத்தில் இருக்கும் வாஷிங்டனும் மூக்கும் முழியுமாகவே குட்டியாகிவிடுவார்!

பல ஆயிரம் வோல்ட் ஏற்றிய மின்தேக்கியின் மின்னை, நாணயத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச்சுருளில் கண்ணிமைப்பதற்குள் கொட்டிவிடுகிறார்கள். சுருளின் காந்தப்புலம் நாணயத்தில் எதிர்த்திசை மின்னோட்டத்தைத் தூண்டும். இரண்டும் ஒன்றையொன்று தள்ள, நாணயம் உள்பக்கமாக நசுங்கும். சுருள் வெளியே வெடித்துச் சிதறும்.

எனக்குப் பயமெல்லாம் மின்தேக்கியை நினைத்துத்தான். மின்னை முழுக்க இறக்கிய பிறகும் சும்மா வைத்திருந்தால் கொஞ்சம் மின்னழுத்தம் தானாகத் திரும்பும். விவரம் தெரிந்தவர்கள் அதன் இரு முனைகளையும் கம்பியால் இணைத்தே வைப்பது அதனால்தான்.