பம்பரமாய்ச் சுழல்தல்: ஓர் இயக்கவியல் விசாரணை

ஒருவரைப் பாராட்டியே ஆக வேண்டும், ஆனால் அவர் செய்தது என்னவென்று சரியாகத் தெரியாது. இந்த இக்கட்டு தமிழ்ப் பொதுவாழ்வில் அடிக்கடி நேர்வது. பணி ஓய்வு விழா, கும்பாபிஷேக மலர், கல்யாண வீட்டு நன்றியுரை ஆகியவை இதன் விளைநிலங்கள். அப்போதெல்லாம் கைகொடுப்பது ஒரே தொடர்: ‘பம்பரமாய்ச் சுழன்று பணியாற்றினார்.’ கேட்டவர் மகிழ்கிறார், சொன்னவர் தப்பிக்கிறார். வெற்றுப் புகழ்ச்சி என்று அறிஞர்கள் இத்தொடரை ஒதுக்கிவிட்டது பெரும் பிழை. சொல்பவர் நினைப்பதைவிட இது மிகத் துல்லியமான கூற்று என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

பம்பரத்துக்கெல்லாம் ஆராய்ச்சியா என்று முகம் சுளிப்பவர்கள் ஜெர்மனியைப் பார்க்கவும். ஃபெலிக்ஸ் கிளைன், ஆர்னால்ட் சொம்மர்ஃபெல்ட் என்ற இரு மேதைகள் பம்பரக் கோட்பாட்டைப் பற்றி 1897 முதல் 1910 வரை நான்கு பாகங்களில் ஏறத்தாழ ஆயிரம் பக்கம் எழுதினார்கள். அதற்கும் முன்னால், 1888இல், ரஷ்யக் கணித அறிஞர் சோஃபியா கொவலெவ்ஸ்கயா இதே துறையில் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்றார். ஆய்லரும் லக்ராஞ்சும் ஆளுக்கொரு வகைச் சுழற்சியின் கணக்கைத் தீர்த்துவைத்திருந்தார்கள். எடை அச்சின்மேல் இல்லாமல் ஒருபக்கமாகத் தள்ளி அமைந்த மூன்றாவது வகை ஒன்றை அம்மையார் தீர்த்தார். கட்டுரை தேர்வாளர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போக, 3000 பிராங்குப் பரிசை 5000 ஆக்கிக் கொடுத்தார்கள். ஆயினும் மேற்சொன்ன எவரும் தெருவில் பம்பரம் விட்டுத் தோற்று, தம் பம்பரத்தில் ஆக்கர் வாங்கியவராகத் தெரியவில்லை. கள அனுபவம் இல்லாத இக்குறையை இக்கட்டுரை நிரப்புகிறது.

முதலில் சாட்டை. ஆணியிலிருந்து மேல்நோக்கி இறுக்கமாகச் சுற்றி, முனையை விரலில் மாட்டி, வீசிய கணத்தில் சுண்டி இழுத்தால்தான் கட்டை சுழலும். கொய்யாக் கட்டையானாலும் கருவேலங் கட்டையானாலும் இதில் மாற்றமில்லை. தானாகச் சுழன்ற பம்பரம் கிடையாது. அமைச்சர் வருகிறார் என்ற செய்தி மாவட்டத் தலைநகரில் இறங்கிய நிமிடத்தில் சுழற்சி தொடங்குவதையும், அவருடைய கார் எல்லை தாண்டியதும் வேகம் தளர்வதையும் யாரும் நேரில் சரிபார்த்துக்கொள்ளலாம். சுழல்பவர் பெயர் மலரில் வருகிறது. சாட்டைக்கு நன்றி தெரிவிக்கும் மரபு நம்மிடம் இல்லை.

ஆய்வின் மையத்துக்கு வருவோம். நல்ல வேகத்தில் சுழலும் பம்பரம் நிமிர்ந்து, ஆடாமல் அசையாமல், ஒரே புள்ளியில் நிற்கும். அதில் தீட்டியிருக்கும் வண்ணக்கோடுகூட அசைவதாகத் தெரியாது. பிள்ளைகள் இதைப் பம்பரம் தூங்குகிறது என்பார்கள். ஆங்கிலக் கணித நூல்களும் ‘தூங்கும் பம்பரம்’ என்றே பெயரிட்டிருக்கின்றன. ஆகவே சுழற்சியின் உச்சநிலைக்குத் தூக்கம் என்று பெயரிடுவதில் பள்ளிக்கூடத்துத் திடலுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கு மேசையில் கண்மூடி அமர்ந்திருப்பவரைக் குறைசொல்லும் முன் பொதுமக்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

ஆனால் அந்தத் தூக்கம் நீடிப்பதில்லை. ஆணி முனையின் உராய்வும் காற்றின் தடையும் வேகத்தைத் தின்கின்றன. புவியீர்ப்பு கட்டையைக் கீழே சாய்க்கப் பார்க்கிறது. சுழற்சி இருக்கும்வரை பம்பரம் சாயாமல், சாய வேண்டியதைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, தலையால் ஒரு வட்டம் போடுகிறது. வேகம் எவ்வளவுக்குக் குறைகிறதோ அவ்வளவுக்கு இந்தத் தலைச்சுற்று விரைவாகவும் அகலமாகவும் ஆகிறது. அதாவது பம்பரம் மிகப் பரபரப்பாகக் காட்சியளிப்பது அது விழப்போகும் நேரத்தில். திடலில் வேடிக்கை பார்ப்பவர்கள் கைதட்டுவதும் அப்போதுதான்.

கல்யாண மண்டபத்தில் இதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவலாம். தோளில் துண்டும் கையில் செல்பேசியுமாக வாசலுக்கும் பந்திக்கும் மேடைக்கும் இடையே ஓடி, ‘ஐஸ்கிரீம் வந்தாச்சா?’ என்று ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடமே கேட்கும் சித்தப்பா ஒருவர் இருப்பார். நன்றியுரையில் பம்பரமாய்ச் சுழன்றவர் அவர்தான். உக்கிராண அறை வாசலில் ஸ்டூல் போட்டு, சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்திருக்காமலே எழுநூறு பேருக்குச் சாப்பாடு இறங்குவதைக் கவனித்த பெரியம்மாவைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். கிளைன், சொம்மர்ஃபெல்ட் கணக்குப்படி பம்பரம் பெரியம்மா. சித்தப்பா அதன் கடைசி ஐந்து விநாடி.

அயல்மொழிச் சான்றையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். ஆங்கிலத்தின் ‘ஸ்பின்’ ஆதியில் பஞ்சைத் திரித்து நூலாக்கும் வேலை. சிலந்திக்கு அவர்கள் வைத்த பெயரும் அதன் வழியே வந்ததுதான். வெறுமனே சுழல்வது என்ற பொருள் பின்னால் ஏறியது. 1980களில் அமெரிக்க அரசியலில் ‘ஸ்பின் டாக்டர்’ என்றொரு பதவி உருவாகி, நடந்ததை நமக்கு வசதியாகத் திரித்துச் சொல்வதும் அதே சொல்லுக்குள் வந்துவிட்டது. திரித்தல் என்று தமிழில் இரண்டையும் நாம் முன்பே சொல்லிவருவதால் இதில் நமக்கு வியப்பில்லை. வியப்பு இயற்பியலில் இருக்கிறது. 1925இல் ஊலன்பெக், கௌட்ஸ்மிட் என்ற இரண்டு டச்சு இளைஞர்கள் எலெக்ட்ரானுக்கு ஸ்பின் உண்டு என்றார்கள். அது உண்மையிலேயே ஒரு குட்டிப் பந்துபோலச் சுழல்வதாக வைத்துக் கணக்குப் போட்டால், அதன் விளிம்பு ஒளியைவிட வேகமாக ஓட வேண்டியிருந்தது. ஆகவே அது அப்படிச் சுழலவில்லை என்று முடிவாயிற்று, பெயரை மட்டும் யாரும் திரும்ப வாங்கவில்லை. சுழலாமலே சுழல்வதாகப் பதிவேட்டில் இடம்பெற்ற ஒரே பொருள் எலெக்ட்ரான் என்று ஐரோப்பிய அறிஞர்கள் கருதுகிறார்கள். அவர்கள் நம் அலுவலக வருகைப்பதிவேட்டைப் பார்த்ததில்லை.

அரசியல் தரவுகள் தெளிவற்றவை. பம்பரத்தைச் சின்னமாகக் கொண்டிருந்த மதிமுகவுக்கு 2024 மக்களவைத் தேர்தலில் அது கிடைக்கவில்லை. திருச்சியில் தீப்பெட்டியில் நின்று வென்றார்கள். திரைத்துறையில், 1992இல் வெளியான ‘சின்ன கவுண்டர்’ படத்தில் பம்பரம் விடப்பட்ட தளம் குறித்து இயக்கவியல் கேள்விகள் பல உண்டு. அவற்றைத் தணிக்கை வாரியம் அன்றே எழுப்பியிருக்க வேண்டும்.

எஞ்சியிருப்பது, விழுந்த பிறகான நிலை. பெருநூல்கள் இதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. சாய்ந்த பம்பரம் உடனே அடங்கிவிடாது. மிச்சமிருக்கும் வேகத்தில் பக்கவாட்டில் உருண்டு, யாருடைய காலடியிலாவது போய் நிற்கும். பெரும்பாலும் அந்தக் காலடி சாட்டை வைத்திருப்பவருடையதாக இருக்கும். அவர் குனிந்து எடுத்து, ஊதித் துடைத்து, மறுபடியும் கயிற்றைச் சுற்றத் தொடங்குவார். அரசாணை மொழியில் இதற்குப் பணி நீட்டிப்பு என்று பெயர்.