வடியாத நீர்: படகு எஞ்சின் குளிர்காப்பியல் ஆய்வின் முகவுரைக்கு ஒரு முன்னுரை

படகு எஞ்சினைக் குளிர்காலத்துக்கு ஆயத்தப்படுத்துதல் (இனி, இடம் கருதி, ப.எ.கு.ஆ.) என்னும் துறை தமிழில் இதுகாறும் தீண்டப்படாமல் கிடக்கிறது. நம் பக்கத்து ஏரிகள் உறைவதில்லையே என்பர் சிலர். அது ஒரு காரணமாகாது; காணாத பொருளைப் பற்றி எழுதுவதற்குப் பெயர்தானே ஆய்வு. பெரும்பொழுது ஆறனுள் முன்பனி, பின்பனி என இரண்டைப் பனிக்கே ஒதுக்கிய தொல்காப்பியர், எஞ்சினுக்குள் தங்கிய நீரை வடிக்கும் ட்ரெயின் பிளக்கை எந்தப் பொழுதில் கழற்றுவது என்று சொல்லவில்லை. சொன்னார், அந்த ஏட்டைக் கடல் கொண்டது என நிறுவுவதற்கு ஒரு முனைவர் பட்டம் காலியாக இருக்கிறது. விரும்புவோர் விண்ணப்பிக்கலாம்.

ஆய்வுக் களம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம். அங்கே வண்டிகளின் எண்பலகையில் 10,000 ஏரிகள் என்று எழுதியிருக்கும். 10 ஏக்கருக்குக் குறையாதவற்றை மட்டும் அரசு எண்ணியபோது 11,842 வந்தது. மிச்சமுள்ள 1,842 ஏரிகளை எண்பலகை ஏன் மறைத்தது என்பது தனி நூலுக்குரிய பொருள். குளிர் முற்றினால் இந்த ஏரிகள் மேல் காரை ஓட்டிப் போய் நடுவில் துளை போட்டு மீன் பிடிக்கிறார்கள். கார் ஓடும் இடத்தில் படகு ஓடாது என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு.

நீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பருக்கும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, வெடிக்கும். இதற்குச் சான்று வேண்டுவோர் 1784, 1785 குளிர்காலங்களுக்குச் செல்க. கியூபெக்கில் இருந்த பிரித்தானியப் பீரங்கிப் படை மேஜர் எட்வர்ட் வில்லியம்ஸ், வெற்று இரும்புக் குண்டுகளில் தண்ணீர் நிரப்பி, வாயை இரும்பு முளையால் அடைத்து, வெளியே குளிரில் வைத்தார். வெடிமருந்து ஒரு சிட்டிகையும் இல்லாமல் முளை பல நூறு அடி பறந்தது; முளை பிடிவாதம் பிடித்தபோது குண்டே பிளந்தது. எடின்பரோ ராயல் சொசைட்டி இதைத் தன் ஏட்டில் அச்சிட்டது. இக்கட்டுரையின் மேற்கோள்களில் நம்ப முடியாதது இது ஒன்றுதான். ஆகவே இது மட்டும் உண்மை.

இனி வகைப்பாடு. படகு எஞ்சின்கள் மூவகைப்படும்.

வெளிப்புற மோட்டார்: நிமிர்த்தி நிறுத்தினால் தண்ணீர் தானே வடிந்துவிடும். எழுத ஒன்றுமில்லாததால் இதைப் பற்றி எவரும் எழுதவில்லை. (1909இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்த மில்வாக்கிக்காரர் ஓலே எவின்ரூட், காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கித் துடுப்புப் போட்டுத் திரும்புவதற்குள் அது உருகிவிட்டதால்தான் மோட்டாரைப் பற்றி யோசித்தார் என்பது கதை. உருகியதால் பிறந்த குலத்துக்கு உறைவதால் சாவு. நயம் பாராட்டுவோர் பாராட்டுக.)

மூடிய குளிர்விப்புச் சுற்று உடையது: பாதிக் கவலை.

ஏரித் தண்ணீரையே உறிஞ்சி, உடம்பெல்லாம் ஓடவிட்டு, எக்ஸாஸ்ட் வழியே துப்பும் உள்ளெஞ்சின்: இதுவே நம் பாடுபொருள். வி வடிவ எஞ்சினில் பிளாக்கின் இருபுறமும் ஒவ்வொரு ட்ரெயின் பிளக், இரண்டு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகளிலும் ஒவ்வொன்று. கழற்றினால் தண்ணீர் கொட்ட வேண்டும். கொட்டினால் வேலை முடிந்தது, துறைக்கு நட்டம். பிளக்கைக் கழற்றியும் தண்ணீர் வராதபோதுதான் அறிவுலகம் விழித்தெழுகிறது.

வரவில்லை, ஆகவே உள்ளே இல்லை என்பர் இன்மைக் கொள்கையர். வரவில்லை, ஆகவே துளை அடைத்திருக்கிறது என்பர் அடைப்புக் கொள்கையர். இன்மையருக்கு மூலநூல், படகுத்துறைப் பெரியவர் ஒருவரின் தொப்பியின் உட்புறக் குறிப்பு (தொப்பி, இடப்பக்கம், வியர்வைக் கோட்டுக்கு மேல்). அடைப்பினர் இதை மறுத்து ஒரு கிரீஸ் டப்பாவின் மூடியை எடுத்துக்காட்டுவர் (மூடி, இரண்டாம் பதிப்பு, முதல் பதிப்பை நாய் நக்கியது). இருசாராரும் தமக்கே உரியதென்று கொண்டாடுவது குளிர்காலக் கிடங்கின் சுவரெழுத்து: வடக்குச் சுவர், வெள்ளையடிப்புக்கு அடியிலுள்ள அடுக்கு, கீழிருந்து நான்காம் வரி. அதில் ‘வரும்’ என்பதற்கு ‘வராது’ என்றும் பாடம். இவ்வொரு பாடபேதத்தின் மேல் மூன்று தலைமுறை நெறியாளர்கள் ஓய்வூதியம் பெற்றிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் நெறியாளரை மேற்கோள் காட்ட, நெறியாளர் தம்மையே மேற்கோள் காட்டிக்கொள்ள, துளை அப்படியே இருக்கிறது. வரவில்லை என்பது வடிந்தமையைச் சுட்டுமா, வடியாமையைச் சுட்டுமா, சுட்டும் என்பதையே சுட்டுமா என்னும் வினாவுடன் இச்சர்ச்சை பன்னாட்டுக் கருத்தரங்கக் கோவையாகவும் வெளிவந்தது. அக்கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் ஒரு மெக்கானிக், துளைக்குள் ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பார்க்கலாமே என்றார். அவர் பதிவுக் கட்டணம் கட்டாதவர். ஆகவே அக்கருத்து கோவையில் சேரவில்லை.

அடுத்து இளஞ்சிவப்பர். புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த ஆன்ட்டிஃப்ரீஸை எஞ்சினுக்கு ஊட்டி, எக்ஸாஸ்டில் இளஞ்சிவப்பு கண்டதும் வீடு போய்த் தூங்குவோர். (இனிப்பான நஞ்சாகிய எத்திலீன் கிளைக்காலை ஏரிக்கு விடாமல் இதைத் தேர்ந்தமைக்கு இவர்களை வாழ்த்தலாம்.) ஆனால் எஞ்சின் சூடேறாவிட்டால் தெர்மோஸ்டாட் மூடியே இருக்கும். ஊற்றியது பிளாக்குக்குள் புகாமல் சுற்றுவழியாக வெளியே வந்துவிடும். உள்ளே ஏரித் தண்ணீர் அசையாமல் நிற்கும். பொருளுக்குள் நுழையாமல் சுற்றிவந்து மறுமுனையில் வண்ணமாக வெளிப்படும் இம்முறை ஆய்வேடுகளில் நெடுங்காலமாக வழக்கில் உள்ளதே.

எஞ்சினுக்குள் துருப்பிடிக்காமலிருக்கத் தெளிக்கும் ஃபாகிங் ஆயில், பெட்ரோல் கெடாமலிருக்க ஊற்றும் மருந்து, பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்தல் ஆகியவற்றில் கருத்து வேறுபாடு இல்லாததால் ஆய்வும் இல்லை. ப்ரொப்பல்லர் இருக்கும் கீழ்ப்பகுதியின் கியர் ஆயில் பால்நிறமாக வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீலை மாற்றவும்.

மெக்கானிக் சொன்னதே சரி. ஏரி நீரோடு வந்த மணலும் உள்ளே உதிர்ந்த துருவும் துளையின் வாயில் படிந்து அடைக்கும். கம்பியால் குத்தியதும் பழுப்பு நீர் பீறிட்டு வரும். அதுவரை நின்றிருந்தது அவ்வளவும் உறையக் காத்திருந்த நீர். ஆகவே வாசகர்களே, முதல் உறைபனிக்கு முன்பே படகைக் கரையேற்றி, எல்லாப் பிளக்கையும் கழற்றி, எல்லாத் துளையிலும் கம்பி விடுங்கள். கழற்றியவற்றை ஒரு பையில் போட்டு ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள். அவற்றை மாட்ட மறந்து வசந்தத்தில் எஞ்சினை ஓட்டினால், பம்ப் இழுக்கும் ஏரித் தண்ணீர் அந்தத் துளைகள் வழியே படகுக்குள் கொட்டும்.