சேதுச் சீமைச் சின்னங்கள்: கேள்வி – பதில்

? ஊரிலுள்ள பழைய சின்னங்களைக் கணக்கெடுப்பது யார் வேலை? (வாசகர், பரமக்குடி)

தொல்லியல் துறையின் வேலை, நம் வேலையும்தான். பாரம்பரியத்தைக் காப்பதை அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவு நம் கடமைகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. 1882-ல் ராபர்ட் சூவல் சென்னை மாகாணத்துத் தொல்சின்னங்களுக்குப் பட்டியல் போட்டு அச்சிட்டார். நம் காலத்தில் ராமநாதபுரத்தின் எஸ்.எம். கமால் சேதுபதி மன்னர்களின் செப்பேடுகளைத் தேடித் தொகுத்துப் புத்தகமாக்கினார். பட்டியலில் ஏறாத சத்திரத்துக்கும் ஊருணிக்கரைக் கல்வெட்டுக்கும் ஊர்க்காரர்களை விட்டால் வேறு காவல் கிடையாது.

? ராமநாதபுரத்தில் முதலில் எதைப் பார்க்கலாம்? (வாசகர், மதுரை)

அரண்மனையிலுள்ள இராமலிங்க விலாசம். கிழவன் சேதுபதி கட்டியது. சுவரை ஒட்டி நின்று நிதானமாகப் பாருங்கள். ராமாயணம், பாகவதக் காட்சிகளோடு தஞ்சை மராத்தியருடன் நடந்த போரும், சேதுபதி ஐரோப்பியர்களைச் சந்திக்கும் காட்சியும் வண்ணத்தில் இருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டின் அரசியலை அந்தக் காலத்து ஓவியரே நமக்குச் சொல்கிறார். 1798 செப்டம்பரில் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனை நேருக்கு நேர் சந்தித்ததும் இதே இடத்தில்தான்.

? அப்படிப்பட்ட சுவர்களில் பெயரைக் கிறுக்குகிறவர்களை என்ன செய்வது? (வாசகி, கீழக்கரை)

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னம் என்றால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இருக்கிறது. மாநிலத் துறையின் சின்னங்களுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக உண்டு. ஆனால் அந்த ஓவியம் எதைக் காட்டுகிறது என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்த பிள்ளை ஆணியை எடுக்காது.

? பழைய பாம்பன் ரயில் பாலத்தை ஏன் வைத்திருக்க வேண்டும்? புதுசுதான் வந்துவிட்டதே! (வாசகர், மண்டபம்)

1914 பிப்ரவரி 24-ல் திறந்து, 2022 டிசம்பர் வரை ரயிலைச் சுமந்த பாலம் அது. கப்பல் வந்தால் இரு பக்கமும் தொழிலாளர்கள் நின்று, கையால் சுற்றித் தூக்குப் பாலத்தைத் திறந்தார்கள். 1964 புயல் 126 கர்டர்களை வாரிக்கொண்டு போனபோதும் அந்தத் தூக்குப் பாலம் நின்றது. பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மீண்டும் ரயில் ஓடியது. தூக்குப் பாலத்தையாவது கரையில் நிறுத்தி, அதைச் சுற்றிய கைகளைப் பற்றியும் எழுதி வைக்க வேண்டும்.

? தனுஷ்கோடி தேவாலயத்தைப் புதுப்பித்துக் கட்டினால் என்ன? (வாசகர், ராமேஸ்வரம்)

கூடவே கூடாது. பவளக்கல் தெரியும் அந்தச் சுவர், 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலுக்குச் சாட்சி. புதுச் சுவர் கட்டினால் சாட்சி போய்விடும். உப்புக் காற்றில் இருக்கும் பழைய சுவருக்குச் சிமென்ட் பூச்சும் ஆகாது, உப்பை உள்ளேயே அடைத்துக் கல்லை உதிர்க்கும். சுண்ணாம்புச் சாந்தால் தாங்கி நிறுத்தினால் போதும். பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலோடு கடலில் போன கதையை அங்கே வருகிறவர்கள் நின்று தமிழில் படிக்க வேண்டும்.

? லண்டனில் வீட்டுக்கு வீடு நீலப் பலகை வைக்கிறார்களாமே? (வாசகர், திருவாடானை)

1867-ல் கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் முதல் பலகையை வைத்தார்கள். 1889-ல் அந்த வீட்டையே இடித்துவிட்டார்கள். பலகை பெயர் சொல்லும். கட்டடத்தைக் காப்பாற்றச் சட்டமும் ஊராரும் வேண்டும்.

? மன்னருக்கும் மகானுக்கும் மட்டும்தான் நினைவுச் சின்னமா? (வாசகி, உச்சிப்புளி)

நல்ல கேள்வி. 1897 ஜனவரியில் விவேகானந்தர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய குந்துகாலை நாம் மறக்கவில்லை. பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் நிற்கிறது. இரண்டும் நியாயம். ஆனால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களைத் தங்கவைத்து, நோய் உண்டா என்று சோதித்து அனுப்பிய இடம் மண்டபம் முகாம். பின்னாளில் அதே முகாமுக்குத்தான் போரில் உயிர் தப்பிய ஈழத் தமிழர்கள் அகதிகளாக வந்தார்கள். போனவர்களும் வந்தவர்களும் பெயரில்லாதவர்கள் அல்ல. என்னைக் கேட்டால், பட்டியலில் முதல் வரி மண்டபம் முகாம்தான்.

? அஸ்திவாரம் தோண்டும்போது பானை ஓடு கிடைத்தால்? (வாசகர், அழகன்குளம்)

தோண்டுவதை நிறுத்திவிட்டு வட்டாட்சியரிடம் சொல்லுங்கள். உங்கள் ஊர் ஓடுகளில் ஒன்றில் கப்பலே கீறப்பட்டிருந்தது. ரோமானியக் காசும் கிடைத்த மண் அது.

? நான் ஆசிரியை. பிள்ளைகளை வைத்துக் கணக்கெடுக்க முடியுமா? (வாசகி, தொண்டி)

தாராளமாக. ஒரு சின்னத்துக்கு ஒரு பக்கம் போதும்: இருப்பிடம், நான்கு பக்கப் படம், கட்டியவர், காலம், யார் பொறுப்பில், இப்போதைய நிலை, ஊர்ப் பெரியவர் சொன்னது. கல்வெட்டில் சுண்ணாம்போ பெயின்டோ தடவ வேண்டாம். தெரியாத ஆண்டை ஊகித்து எழுதவும் வேண்டாம். முடித்ததும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர் நாளில் மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மற்ற வாசகர்களுக்கும் இதையேதான் கேட்கிறேன்: உங்கள் தெருவிலிருந்து ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்.